வாழப்பாடி கிரிக்கெட் ஸ்டேடியம்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

டிவியில் மட்டுமே கிரிக்கெட் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு நேரில் ஒரு ஆட்டம் காட்ட, சேலத்துக்காரர்கள் சேப்பாக்கம் வரை போக வேண்டியதில்லை. வாழப்பாடி பக்கம் காட்டுவேப்பிலைப்பட்டியில் உள்ள சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் 2020-ல் திறக்கப்பட்டது. திறப்பு விழாவுக்கு ராகுல் டிராவிட்டே வந்திருந்தார். 2022 முதல் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) என்ற இருபது ஓவர் டி20 தொடரின் ஆட்டங்களும் இங்கே நடக்கின்றன. சேப்பாக்கம் போல அடுக்கடுக்கான கேலரி இல்லாததே இதன் பெரிய பலம். மூன்றாவது மாடியிலிருந்து எறும்பு ஓடுவதைப் போலப் பார்க்க வேண்டியதில்லை. பந்து மட்டையில் படும் சத்தம் காதில் விழும், ஃபீல்டர் கத்துவதும் கேட்கும். சுற்றிலும் மலை. குடும்பத்தோடு போக நல்ல இடம், தாராளமாகப் போகலாம். ஆனால் எந்தப் பக்கம் உட்காருகிறோம், எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்ற இரண்டில் கோட்டை விட்டால் அந்த நாள் வீண்.

உட்காரும் பக்கத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். சாயும் வெயில் பேட்ஸ்மேன் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக, கிரிக்கெட் பிட்சைப் பொதுவாக வடக்கு தெற்காகத்தான் போடுவார்கள். அந்த வெயில் பக்கவாட்டில் இருப்பவர்கள் தலையில் விடிகிறது. மாலை 3.15 ஆட்டம் என்றால், கிழக்குப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு ஆறு மணி தாண்டியும் முகத்துக்கு நேரே சூரியன். குழந்தை ஒரு மணி நேரத்தில் சிணுங்க ஆரம்பித்துவிடும். மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் முதுகில். சீசன் நடக்கும் ஆனி, ஆடியில் சூரியன் நேர்மேற்கில் இறங்காமல் வடக்கே தள்ளித்தான் இறங்கும். அதனால் மேற்கிலும் வடமேற்கு மூலைதான் சுகம். உள்ளே நுழைந்ததும் மொபைலில் திசைகாட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள், அரை நிமிஷ வேலை. இரவு 7.15 ஆட்டத்துக்கு இந்தக் கவலையே இல்லை. கைக்குழந்தையும் பெரியவர்களும் வருகிறார்கள் என்றால் இரவு ஆட்டம்தான் சரி.

ஆட்டம் எப்படித் தெரியும் என்பதும் இடத்தைப் பொறுத்ததே. பந்து உள்ளே வளைகிறதா, வெளியே போகிறதா என்பது பவுலரின் கைக்கு நேர்பின்னால், பேட்ஸ்மேனுக்குப் பந்து தெளிவாகத் தெரிவதற்காக வைக்கும் பெரிய திரையான சைட் ஸ்கிரீனை ஒட்டி இருந்தால்தான் பிடிபடும். பக்கவாட்டில் இருப்பவருக்கு ஸ்விங் கண்ணுக்கே தெரியாது. ஆனால் பந்து எங்கே குத்துகிறது, எவ்வளவு எழும்புகிறது, ரன் அவுட்டில் மட்டை கோட்டைத் தாண்டியதா என்பதெல்லாம் அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் பந்து போடும் ஆட்டம் என்றால் பக்கவாட்டில் உட்காருங்கள். காலடியில் வந்து விழும் யார்க்கருக்கு மட்டை எவ்வளவு தாமதமாக இறங்குகிறது என்பதை அங்கிருந்து பார்ப்பது தனி அனுபவம்.

பிள்ளைகளுக்கு மிட் விக்கெட், லாங் ஆன் பக்கத்து எல்லைக் கயிற்றோரம், அதாவது பேட்ஸ்மேன் இழுத்து அடிக்கும் பக்கம் பிடிக்கும். முதல் ஆறு ஓவர் பவர்பிளேயில் பிட்சைச் சுற்றிப் போட்ட வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர்கள்தான் நிற்கலாம் என்பதால் கயிற்றோரம் பெரும்பாலும் ஆள் இருக்காது. ஏழாவது ஓவரிலிருந்து ஐந்து பேர் வரை வெளியே வருவார்கள், அப்போதுதான் ஆட்டக்காரரைப் பக்கத்தில் பார்க்கலாம். அங்கே உட்கார்ந்தால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது: பந்து ஓடும்போது பெரியவர்களில் ஒருவராவது மொபைலைப் பார்க்காமல் பந்தையே கவனிக்க வேண்டும். கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம் எடை. உயர அடித்த சிக்ஸர் கீழே வர நான்கைந்து வினாடி ஆகும், விலகிக்கொள்ள அது போதும். தட்டையாக வரும் அடி அந்த அவகாசத்தைத் தராது. குழந்தை உங்களுக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருக்க வேண்டாம், எப்போதும் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும்.

பாத்ரூமுக்கும் தின்பண்டத்துக்கும் இன்னிங்ஸ் இடைவேளையில் எழுந்தால் மொத்தக் கூட்டத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். எட்டாவது ஓவருக்கும் பன்னிரண்டாவது ஓவருக்கும் நடுவில் போய் வந்துவிடுங்கள். பொதுவாக ஆட்டம் கொஞ்சம் அடங்கி ஓடும் நேரம் அது, வரிசையும் இருக்காது.

கிரிக்கெட் மைதானங்களில் பொதுவாகத் தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், ஹெல்மெட், வெளிச்சாப்பாடு எதையும் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட்டை வண்டியிலேயே பூட்டி வைக்க ஏற்பாட்டோடு போங்கள். சாப்பாட்டை உள்ளே போகும் முன்னமே முடித்துக்கொள்வது நல்லது. சேலத்திலிருந்து கிளம்பும் வழியில் அம்மாப்பேட்டை இருக்கும்போது தட்டுவடை செட் சாப்பிடாமல் போகலாமா? ஒரு தட்டுவடை மேல் காரச் சட்னி, புதினா மல்லிச் சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், அதற்கு மேல் இன்னொரு தட்டுவடை. கையில் வாங்கின ஒரு நிமிஷத்துக்குள் வாயில் போட வேண்டிய பண்டம் இது. பார்சல் வாங்கினால் வாழப்பாடி போவதற்குள் பீட்ரூட் தண்ணி விட்டு, அடித்தட்டு நமுத்து, மொறுமொறுப்பு போய்விடும். பார்சல்தான் வேண்டும் என்றால் தட்டுவடை தனி, காய் தனி, சட்னி தனியாகக் கட்டச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்து, வண்டியை நிறுத்திய இடத்திலேயே செட் போட்டுச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் காரச் சட்னி வேண்டாம், உள்ளே தண்ணிக்கு அலைய வேண்டிவரும்.

சேலத்திலிருந்து வாழப்பாடி சுமார் 30 கிலோமீட்டர். அயோத்தியாப்பட்டணம் தாண்டி உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் நேராகப் போக வேண்டியதுதான், முக்கால் மணி நேரம். இரவு ஆட்டத்துக்குச் சேலத்தை ஐந்து மணிக்காவது விட்டுவிடுங்கள். ஆறு மணிக்குக் கிளம்பினால் டாஸ் போய்விடும், நல்ல இடமும் போய்விடும். கார் இல்லாதவர்களுக்குப் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆத்தூர் போகும் பஸ் எல்லாம் இந்த ரூட்தான். ஏறும்போதே வாழப்பாடியில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புறவழிச்சாலையில் போகிற வண்டிகள் ஊருக்குள் வராது.

மழைக்கு ஒரு கணக்கு உண்டு. சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டிவிட்டு நிற்கும் மழை நம் பக்கத்தில் சகஜம். டி20-யில் முடிவு வர இரண்டு அணியும் குறைந்தது ஐந்து ஓவராவது ஆட வேண்டும். எட்டு மணிக்கு மழை பிடித்தால் உடனே கிளம்பத் தேவையில்லை, ஓவரைக் குறைத்து ஆட நேரம் இருக்கிறது. பத்து மணிக்குப் பிறகும் விடவில்லை என்றால், பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை. குடை மறைக்கும் என்பதால் ரெயின்கோட்டே நல்லது.

மழை இல்லாவிட்டால் இரவு ஆட்டம் முடியப் பத்தே முக்கால், பதினொன்று ஆகும். கடைசிப் பந்து விழுந்ததும் எல்லா வண்டியும் ஒரே பாதையில்தான் முட்டும். வண்டியை உள்ளே விடும்போதே முகப்பை வெளியே பார்த்து நிறுத்துங்கள். கூட்டத்தில் பிள்ளை கை நழுவினால் மொபைலில் பிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம், அத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசும்போது லைன் கிடைப்பது சிரமம். உங்கள் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அவர்கள் பாக்கெட்டில் போடுங்கள், தொலைந்தால் எந்தக் கம்பத்தடியில் நிற்க வேண்டும் என்று உள்ளே வந்ததுமே காட்டிவிடுங்கள். முடிந்த பிறகு இருபது நிமிஷம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிட்டுக் கிளம்பினால் நெரிசலும் குறையும், பரிசளிப்பையும் பார்த்துவிடலாம்.

திரும்பும்போது சாலையில் கவனம் தேவை. இந்த நெடுஞ்சாலையின் புறவழிப் பகுதிகள் பல வருஷம் இருவழியாகவே இருந்தவை. நாலு வழியில் வேகமாக வந்தவர்கள் சாலை சுருங்கும் இடத்தில் எதிர்வண்டியை எதிர்பார்க்காமல் மோதிய விபத்துகள் இந்த வழியில் நிறைய. பிள்ளைகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் நேரம் அது. அறுபதைத் தாண்டாமல் ஓட்டினாலும் பன்னிரண்டு மணி வாக்கில் சேலம் வந்துவிடலாம்.