649 ரூபாய் ஹெர்ப் கிட்டும் எங்க வீட்டு அஞ்சறைப்பெட்டியும்

பொங்கல் ஆஃபர்ல வாங்கினது, பிராண்ட் பேரு வேணாம். நாலு மாசம் வளத்துப் பாத்துட்டுத்தான் எழுதறேன். பெட்டிக்குள்ள ஆறு குட்டி க்ரோ பேக், சோப்புக்கட்டி சைஸுல அமுக்கின கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஆறு, ஒரு கைப்பிடி மண்புழு உரம், அப்புறம் விதை பாக்கெட் ஆறு: கொத்தமல்லி, வெந்தயம், புதினா, ஓமம், இத்தாலியன் பேசில், கறிவேப்பிலை. பேக்கிங் நிஜமாவே அழகு, யாருக்காவது கிஃப்ட் குடுக்கணும்னா ஓகே.

வெந்தய பாக்கெட்ட பிரிக்கும்போதே எங்க மாமியார் "ஏம்மா, வெந்தயத்தை தனியா காசு குடுத்தா வாங்கின"ன்னாங்க. அன்னைக்கே ஒரு பேக்ல பாதிக்கு கிட்டு விதை, மீதிப் பாதிக்கு அஞ்சறைப்பெட்டி வெந்தயத்தை ராத்திரி ஊறவெச்சுப் போட்டேன், ரெண்டும் மூணாம் நாளே முளைச்சு நின்னுச்சு, எது எதுன்னு எனக்கே தெரியல. இருபது நாள்ல கிள்ளி பருப்புல போட்டாச்சு.

கொத்தமல்லி பாக்கெட்ல எண்ணி 32 விதை. முழுசா அப்படியே போடுங்கன்னு பின்னாடி அச்சடிச்சிருக்காங்க. தனியாவுல ஒவ்வொரு மணியும் ரெண்டு விதை ஒட்டினது, அதை பூரிக்கட்டையால லேசா உருட்டி ரெண்டா உடைச்சுப் போட்டாத்தான் சீக்கிரம் வரும், இதைக்கூட எழுதாம என்ன கைடு புக்கு? அவங்க சொன்னபடி போட்டது 13 நாள், டப்பாவுல இருந்து எடுத்து உடைச்சுப் போட்டது 9 நாள். மார்ச் கடைசில வெயில் ஏறினதும் ரெண்டுமே பூ வெச்சிடுச்சு, அது கிட்டு மேல தப்பில்ல, கொத்தமல்லி குணமே அதான். புடுங்கும்போது வேரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கழுவி நசுக்கி ரசத்துல போட்டா தழையை விட வாசம் தூக்கலா இருக்கும்.

புதினா விதை தூசி மாதிரி இருக்கு, தண்ணி தெளிச்சதுல எங்க போச்சுன்னே தெரியல. கடைசில காய்கறிக்காரம்மாகிட்ட வாங்கின 10 ரூபாய் கட்டுல தடியா இருந்த நாலு தண்டை ஒரு டம்ளர் தண்ணில வெச்சேன், ஒரு வாரத்துல வெள்ளையா வேர் விட்டுச்சு, இப்ப அது தொட்டியத் தாண்டி ஓடுது.

எனக்கு உண்மையிலேயே கோவம் வந்தது ஓமத்துலதான். பாக்கெட் மேல போட்டிருக்கறது கற்பூரவல்லி இலை படம், தடியா, ஓரமெல்லாம் பல்லு பல்லா. உள்ள இருக்கறது சமையல் ஓமம். வாசனை கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால கற்பூரவல்லிய ஓமவல்லின்னும் சொல்றோம், ஆனா செடி வேற வேற. ஓமச்செடி இலை சோம்புத்தழை மாதிரி மெல்லிசு நூலா இருக்கும். சளிக்கு கஷாயம் போடலாம், மழை பெஞ்சா பஜ்ஜி போடலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன், வந்தது வெறும் நூலு. கற்பூரவல்லி வேணும்னா பக்கத்து வீட்டுல ஒரு கொம்பு ஒடிச்சு நட்டாலே போதும்.

பேசில் மட்டும் நல்லா வந்துச்சு, அதுக்கு முழு மார்க். அதுவும் நம்ம திருநீற்றுப்பச்சிலை ஜாதிதான், ஜூஸ்ல போடற சப்ஜா அதோட விதைதான். ஆனா இந்த ரகத்துல இலை பெருசு, வாசமும் இனிப்பா இருக்கு, பையனுக்கு தக்காளி பாஸ்தா செஞ்சு அடுப்ப அணைச்சப்புறம் கிள்ளிப் போட்டேன், தட்டு காலி.

கறிவேப்பிலை விதை அஞ்சு, ஒண்ணுகூட வரல. பழம் பறிச்ச சூட்டோட போட வேண்டிய விதை அது, காய்ஞ்சு போனா அவ்ளோதான். பாக்கெட்ல அடைச்சு விக்கறவங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? மெயில் போட்டேன், அடுத்த கிட்டுக்கு 15% கூப்பன் அனுப்பினாங்க.

இன்னொண்ணு, கோகோபீட்ல சத்துன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, ஈரத்தைத்தான் புடிச்சு வெக்கும். அவங்க குடுத்த ஒரு கைப்பிடி உரம் பத்தவே பத்தாது, நான் சரிக்குச் சரி மண்புழு உரம் வாங்கிக் கலந்தப்புறம்தான் இலை மஞ்சளாகறது நின்னுச்சு. அந்தச் செலவையும் சேத்துக்கோங்க.

அஞ்சுக்கு ரெண்டு. ஒண்ணு பேசிலுக்கு, இன்னொண்ணு அந்த அட்டைப்பெட்டிக்கு, இப்ப அதுலதான் பூண்டு போட்டு வெச்சிருக்கேன்.

கறிவேப்பிலைக்கு ரோட்டோர நர்சரில 40 ரூபாய்க்கு ஒரு கன்னு வாங்கி, வாரம் ஒரு தடவை புளிச்ச மோரை தண்ணி கலந்து ஊத்தறேன், தளதளன்னு வந்துச்சு. போன வாரம் இலை மேல காக்கா எச்சம் மாதிரி ஏதோ இருக்கேன்னு தட்டிவிடப் போனா அது நெளியுது, வண்ணத்துப்பூச்சியோட புழு. இப்ப பச்சையா கொழுத்துடுச்சு, தொட்டா தலைகிட்ட இருந்து ரெண்டு கொம்பு நீட்டி ஒரு நாத்தம் விடுது பாருங்க. பையன் அதை எடுக்கவே விட மாட்டேங்கறான். தாளிக்கறதுக்கு இன்னும் கடை கறிவேப்பிலைதான்.