கூடாரம், முதுகுப்பை வாங்கப் போகிறவர்கள் கவனம்: என் 46,500 ரூபா போன கதை

இன்று மத்தியானம் மூன்றாவது தடவையாக அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன். போனது 46,500 ரூபா. கடையின் பெயரைப் போடவில்லை. யாழ்ப்பாணம் டவுனில் பயணப் பை, கூடாரம், மழைக்கோட் விற்கிற கடை ஒன்று, அவ்வளவுதான்.

மலைநாட்டு அருவிகளைத் தனியாகத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாங்கள் ஆறில்லாத ஊர்க்காரர். வழுக்கை ஆறு என்று ஒன்று இருக்கிறது, அதிலும் மாரியில்தான் தண்ணீர். தண்ணீரைக் கிணற்றுக்குள் குனிந்து பார்த்தே வளர்ந்த எனக்கு, பம்பரகந்தவில் அது 263 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது என்று படித்த நாள் முதல் மனம் அங்கேயே கிடந்தது. நாட்டிலேயே உயரமான அருவி அது. அதற்குப் பிறகு லங்கா எல்ல, அப்புறம் தியலும அருவியின் உச்சிக் குளங்கள், கடைசியாகப் பதுளையில் துன்ஹிந்த. ஐந்து நாள் திட்டம். சீட்டு எடுத்த காசை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, மேசையில் கணக்குக் கொப்பி, மரியாதையான பேச்சு. "பிள்ளை தனியவே போறீர்?" என்று கேட்டார். ஓம் என்றேன். என் வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்ட விஷயம் அது. இவர் மட்டும், "நல்லது, ஊரைப் பாக்கத்தானே வேணும். ஆனா சாமான் சரியா இருக்கோணும்" என்றார். அந்த இடத்திலேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

மேலே விரித்துக் கட்டித் தொங்கவிட்டிருந்த பச்சைக் கூடாரத்தைக் காட்டினார். ஒரு தம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். சேம்பு இலையில் உருளுகிற மாதிரித் தண்ணீர் துளித்துளியாக உருண்டு கீழே விழுந்தது. உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், காய்ந்து கிடந்தது. "என்ரை மகளுக்கு எண்டாலும் இதைத்தான் குடுப்பன்" என்றார். கூடாரம் 24,000, முதுகுப்பை 15,500, மழைக்கோட் 7,000. காசை எண்ணிக் கொடுத்தேன்.

இப்போது நினைத்தால் வயிறு எரிகிற இடம் இனித்தான் வருகிறது. நான் அந்தப் பச்சைக் கூடாரத்தை அவிழ்க்கக் கை வைத்தபோது, "வேண்டாம் பிள்ளை, அது தூசி படிஞ்சது. உள்ளுக்கை புதுசு இருக்கு, எடுத்துத் தாறன்" என்று பின் அறைக்குப் போனார். உறையில் போட்டு இறுக்கிக் கட்டிய ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதே பச்சை, அதே படம். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எனக்காக மினக்கெட்டு உள்ளே போய்ப் புதிது எடுத்துத் தருகிறாரே என்று சந்தோஷப்பட்டேன்!

பங்குனிக் கடைசியில் வெளிக்கிட்டேன். இரவு பஸ்சில் கண்டி, பிறகு பஸ் மாறி மாறிக் களுபகன. அங்கிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் உள்ளே பம்பரகந்த. வெயில் காலம் என்பதால் தண்ணீர் மெல்லிசாகத்தான் விழுந்தது. ஆனாலும் பைன் மரங்களுக்கு மேலால், காற்று அடிக்கிற பக்கமெல்லாம் வெள்ளைத் துணி மாதிரி அசைந்து அசைந்து விழுந்த அந்தக் காட்சிக்காக இன்னும் பத்துத் தரம் போகலாம். அன்றிரவு மழை இல்லை, கூடாரமும் காட்டிக் கொடுக்கவில்லை. அடுத்த நாள் லங்கா எல்லவுக்கு ஏறும்போது முதுகுப்பையின் தோள்பட்டி தையலோடு பிரிந்தது. உள்ளே பதினொரு கிலோகூட இல்லை. சால்வையால் முடிந்து கட்டிக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் நாள் தியலும. 220 மீற்றர் அருவி அது. அதன் தலைமாட்டில், குளங்களுக்கு எட்டத்தில், புல்லுத் தரையில் கூடாரத்தை அடித்தேன். பங்குனி, சித்திரையில் மலைநாட்டில் பின்னேர இடிமழை வழக்கம். அது தெரிந்துதான் நல்ல கூடாரமாகத் தேடி வாங்கினேன். ஆறு மணிக்குத் தொடங்கியது மழை. டோர்ச்சை மேலே அடித்துப் பார்த்தேன். தையல் நெடுக, ஊசி ஏறி இறங்கிய ஒவ்வொரு துளையிலும் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றையொன்று தொட்டதும் கோடாகி என் கழுத்தில் ஓடியது. அரை மணித்தியாலத்தில் நிலத்துத் துணிக்கு மேலே தண்ணீர் நின்றது. மழைக்கோட்டைப் போட்டேன், அதுவும் தோளில் ஊறியது. உடுப்பு, போர்வை, போன் எல்லாம் நனைந்தன. குளிரில் விரல் மடங்கவில்லை. பக்கத்தில் ஓடை இரைகிற சத்தம் நிமிடத்துக்கு நிமிடம் கூடியது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு டோர்ச்சோடு கீழே ஒரு வெளிச்சத்தைப் பார்த்து நடந்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் அது. கதவைத் தட்டினேன். "என்னம்மா இது, இந்த மழையில தனியாவா? வாம்மா உள்ள" என்று ஒரு அம்மா கையைப் பிடித்து இழுத்தார். காய்ந்த சேலை தந்தார், இஞ்சி போட்ட பிளேன்ரீ தந்தார். அந்த வீட்டில் அன்றிரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிந்து லயங்கள் புதைந்ததிலிருந்து, மழை பலத்தால் விழித்திருப்பதுதான் பழக்கம் என்று அந்த அம்மா சொன்னார். அப்படிப்பட்ட மலைப்பக்கத்தில்தான் நான் ஒரு கிழிசல் துணியை நம்பிப் படுத்திருந்திருக்கிறேன். காசு எதுவும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார் அவர். விட்டுவந்த சாமானை எடுத்துக்கொண்டு, துன்ஹிந்தவைப் பார்க்காமலே ஊருக்கு வந்துவிட்டேன்.

இனிக் கடைக் கதை. முதல் தடவை போனபோது பெடியன் ஒருவன் மட்டும் நின்றான். "முதலாளி கொழும்புக்குப் போட்டார் அக்கா" என்றான். வட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. இரண்டாவது தடவை ஆள் இருந்தார். "புதுவருசம் முடியட்டும் பிள்ளை, கொம்பனியோடை கதைச்சுச் சொல்லுறன்" என்றார். புதுவருசம் முடிந்தது. இன்று போனேன். "நீர் ஒழுங்கா அடிச்சிருக்க மாட்டீர்" என்றார்.

மேலே பார்த்தேன். அந்தப் பச்சைக் கூடாரம் இன்னும் அங்கேயே தொங்கியது. ஸ்டூலில் ஏறி அதன் உள்பக்கத்தைப் புரட்டினேன். தையல் முழுக்க ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று டேப் ஒட்டியிருந்தது. என் கூடாரத்தைப் புரட்டினேன். வெறும் நூல். இரண்டையும் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். கொஞ்சமும் கூச்சப்படாமல், "அது சாம்பிள் பிள்ளை, விக்கிறதுக்கு இல்லை" என்றார். பிறகு மற்ற வாடிக்கையாளர்களுக்கும் கேட்கிற மாதிரி, "பொம்பிளைப் பிள்ளை தனியக் காடு மலை ஏறினா உப்பிடித்தான்" என்றார். காசு வாங்குகிற அன்று ஊரைப் பார்க்கத்தானே வேண்டும் என்று சொன்ன அதே வாய்.

பில்லில் "பொருட்கள் 46,500" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதை அன்றே வாசித்திருக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. காட்டின சாமானையே வாங்குங்கள், தூசி என்றாலும் பரவாயில்லை. உள்ளிருந்து எடுத்துத் தந்தால் அங்கேயே விரித்துத் தையலின் உள்பக்கத்தைப் பாருங்கள், டேப் இருக்க வேண்டும். பில்லில் ஒவ்வொரு சாமானின் பெயரும் விலையும் எழுதி வாங்குங்கள். போக முதல் வீட்டு முற்றத்தில் அடித்து, ஹோஸ் பைப்பால் அரை மணித்தியாலம் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எனக்கு இன்னும் நாள் இருக்கிறது, திங்கட்கிழமை கொடுக்கிறேன். பின் அறையிலிருந்து எடுத்துத் தந்த பச்சைக் கூடாரம் வேறு யாரிடமும் இருந்தால், இன்றைக்கே உறையை அவிழ்த்துப் பாருங்கள். அதோடு மலைக்குப் போய்விடாதீர்கள்.