25% மேலதிகம் தாங்குமா? கேஸ் நேர்முகத்துக்கு ஒற்றைத் தாள் முறை, மூன்று மாதப் பாவனையின் பின்

ஆலோசனை நிறுவன வேலை போன்றவற்றுக்கான நேர்முகத்தில் ஒரு வணிகப் பிரச்சினையைக் கொடுத்து அங்கேயே தீர்க்கச் சொல்வதுதான் கேஸ். கம்பனி இணைப்பு, கையகப்படுத்தல் கேஸ்களுக்கென்று மனப்பாடம் செய்யும் சட்டகங்கள் இரண்டு வாரத்தில் சலித்துவிடும். மூன்று மாதம் கழித்தும் கைகொடுப்பது ஒரு ஏ4 தாளும், கொழும்புப் பங்குச் சந்தையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆண்டறிக்கைகளும்தான். வாரத்துக்கு ஒரு சோடிக் கம்பனி, 40 நிமிடம், கல்குலேட்டர் கூடாது.

தாளில் முதலில் எழுத வேண்டியது, சந்தை விலைக்கு மேல் எத்தனை ரூபா கொடுக்கிறோம் என்பதை. சந்தைப் பெறுமதி 2,800 மில்லியன் என்றால் 25% மேலதிகம் 700 மில்லியன். இணைவதால் ஆண்டுக்கு 150 மில்லியன் செலவு மிச்சம்; 30% வரி போக 105. வருங்காலப் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் வீதம், அதாவது கழிவு வீதம், 15% என்றால், ஆண்டுதோறும் வரும் 105 இன் இன்றைய பெறுமதி 105 ÷ 0.15 = 700. கணக்குச் சரி என்று பலர் இங்கேயே பேனையை வைத்துவிடுகிறார்கள். முதலாம் ஆண்டில் அந்த மிச்சத்தில் மூன்றிலொன்று, இரண்டாம் ஆண்டில் மூன்றிலிரண்டுதான் கைக்கு வரும் என்று வைத்தால் இன்றைய பெறுமதியில் 87 மில்லியன் குறையும். ஆட்குறைப்பு நட்டஈடு, கணினி மாற்றம் என்று தொடக்கச் செலவு 200. மிஞ்சுவது 413. அது 2,800 இல் 15% கூட இல்லை, ஆக 15% மேலதிகம் கூடத் தாங்காது; 25% கொடுத்தால் ஆதாயம் முழுக்க விற்பவருக்கு, நட்டம் நமக்கு.

வெளிநாட்டுப் பயிற்சி நூல்களிலுள்ள 8% கழிவு வீதத்தை ரூபாக் கணக்கில் அப்படியே போட்டால் அதே 700, 1,312 ஆக ஊதிவிடும். 2022 இல் அரசு வாங்கும் குறுங்காலக் கடனான திறைசேரி உண்டியலே 30% இற்கு மேல் வட்டி கொடுத்த நாடு இது.

உள்ளூர்க் கேஸில் அடிக்கடி கவிழ்க்கும் இடம் 30% எல்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனியில் அந்த அளவை எட்டினால் மற்றப் பங்குதாரரிடமும் வாங்க முன்வர வேண்டும். 35% வாங்கும் காசை மட்டும் திரட்டினால் போதாது.

காசு கைமாறாத கேஸுக்குத் தொலைபேசிக் கம்பனியான டயலொக் நல்ல பயிற்சி. 2024 இல் எயார்டெல் லங்காவை எடுத்தபோது அதன் தாய்க் கம்பனி பார்தி எயார்டெலுக்குப் போனது டயலொக்கின் 10.355% பங்கு. பங்காகக் கொடுத்தால் விற்பவரும் பின்னால் வரும் லாபநட்டத்தில் கூட்டாளி. தாளில் அதற்குத் தனி நிரல் வேண்டும்.

இம்முறையின் குறை: இரு கம்பனிகளுக்கும் பொதுவான வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பது ஆண்டறிக்கையில் இராது. வாங்கப்படுவது ஒரு குழுமக் கம்பனி என்றால், அதே குழுமத்தாருடனான கொடுக்கல் வாங்கலைச் சொல்லும் தொடர்புடைய தரப்பினர் குறிப்பைத் தவறாமல் வாசிக்கவும். தாய்க் கம்பனியின் கட்டடத்தில் மலிவு வாடகைக்கு இருப்பவர், பிரிந்த மறுமாதம் சந்தை வாடகை கட்டுவார்.

பெருக்கல், வகுத்தலுக்கு வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் 100 ஆம் இலக்க பஸ்ஸே போதும். நெரிசலில் பேனை எடுக்க முடியாது, நல்லதுதான்.

பேச்சுத்தான் கடைசிவரை இடறும். நேர்முகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். காரணங்களை அடுக்கி வினைமுற்றில் முடிவைச் சொல்லிப் பழகிய தமிழ் வாய்க்கு, “வாங்கலாம், 14% இற்கு மேல் வேண்டாம்” என்று எடுத்த எடுப்பில் சொல்ல வராது. தாளின் உச்சியில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு, கடைசியாக நிரப்பி, பேசும்போது அதிலிருந்தே தொடங்குங்கள்.