கிளவுட் பில் ஏறுமுன் எந்த எச்சரிக்கை உதவுகிறது?

சர்வர்களை இணையவழி வாடகைக்குத் தரும் அமேசானின் கிளவுட் சேவையான அமேசான் வெப் சர்வீசஸில் எல்லோரும் முதலில் அமைப்பது பட்ஜெட் எச்சரிக்கை. மாதம் 10,000 டாலர் என்று வரம்பு வைத்து, 80 சதவீதத்தைத் தொட்டதும் மின்னஞ்சல் வரச் செய்வது ஐந்து நிமிட வேலை. ஆனால் 12ஆம் தேதி வரும் மின்னஞ்சலும் 25ஆம் தேதி வருவதும் பார்வைக்கு ஒன்றுதான். முதலாவது வந்தால் எங்கோ கசிகிறது; இரண்டாவது வழக்கமான மாதம். நிதிப் பிரிவில் இருப்பவருக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? மூன்றாம் மாதம் அவர் அதைத் திறப்பதே இல்லை. (கூகுள் கிளவுடில் பட்ஜெட் வைத்துவிட்டால் செலவு தானாக நின்றுவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. நிற்காது.)

முன்கணிப்பு எச்சரிக்கை இதைவிட மேல். இதே போக்கில் போனால் வரம்பு தாண்டும் என்று மாத நடுவிலேயே சொல்லிவிடும். ஆனால் சுமார் ஐந்து வாரப் பயன்பாட்டுத் தரவு சேரும்வரை வாய் திறக்காது.

வழக்கத்துக்கு மாறான செலவைக் கண்டறியும் சேவை வேறு ரகம். சோதனைக்காக எடுத்த, வாடகை அதிகமான ஜிபியூ (வரைகலைச் சிப்) சர்வரை வெள்ளிக்கிழமை மாலை அணைக்க மறந்து போனால், இதுதான் பிடித்துக் கொடுக்கும். அதற்கும் பில் தரவு வந்துசேர ஒரு நாள் வரை ஆகலாம். மெல்ல மெல்ல ஏறும் செலவு இதன் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும்.

என் ஓட்டு, செலவை முன்கூட்டியே மதிப்பிடும் இன்ஃப்ராகாஸ்ட் என்ற கருவிக்கு. டெராஃபார்மில் (கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதும் கருவி) செய்த மாற்றத்தை இணைக்கும் முன்பே, அதைச் சக ஊழியர்கள் பார்வைக்கு வைக்கும் புல் ரிக்வெஸ்டிலேயே மாதம் எவ்வளவு கூடும் என்று எழுதிவிடுகிறது. மாற்றியவர் அப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறார், அங்கேயே திருத்திவிடலாம். டேட்டா போக்குவரத்து எவ்வளவு என்பதை மட்டும் நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

விலையை ஏற்றுவது அமேசானே என்றால் இந்த நான்கும் கைவிரித்துவிடும். சர்வரை இணையத்தில் அடையாளம் காட்டும் பொது ஐபிவி4 முகவரிக்கு மணிக்கு 0.005 டாலர் என 2023 ஜூலையில் அறிவித்து, 2024 பிப்ரவரி முதல் வசூலித்தார்கள். குபெர்னெட்டீஸ் என்பது பல சர்வர்களில் செயலிகளை ஓட்டும் மென்பொருள்; அதை அமேசானே நடத்தித் தருவது இகேஎஸ். பழைய குபெர்னெட்டீஸ் பதிப்பில் தங்கிவிட்ட இகேஎஸ் கிளஸ்டருக்கு (சர்வர் தொகுப்பு), அந்தப் பதிப்பு இகேஎஸ்ஸில் வந்து 14 மாதம் முடிந்ததும் மணிக்கு 0.10 டாலர் 0.60 ஆகிறது. தேதி முன்பே தெரிந்ததுதான், நாட்காட்டியில் குறித்து வைத்து, இரண்டு மாதம் முன்னதாகக் கையால் எழுதுகிறேன்: “மூன்று கிளஸ்டர்களுக்கு மாதம் 1,095 டாலர் கூடும். மேம்படுத்த நான்கு நாள் வேண்டும். ஒதுக்குகிறீர்களா?” இதற்கு அன்றைக்கே பதில் வந்துவிடுகிறது.