தியலும குளியல், அறுகம்பே கடற்கரை: பணம் கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள்

பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. தியலும நீர்வீழ்ச்சிக்கு மேலே இருக்கிற இயற்கைக் குளங்களில் குளியல், பகல் சாப்பாடு, பின்னேரம் அறுகம்பே கடற்கரை, இரவு வீட்டு வாசலில் இறக்கிவிடுவோம், பெரியவர்களுக்கு 7,500 ரூபா, பிள்ளைகளுக்கு 5,000. சித்திரை விடுமுறைக்கு எங்கள் குடும்பமும் அக்கா குடும்பமும் மஸ்கெலியாவிலிருந்து வந்திருந்த பெரியம்மாவும் முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டி இதில் போனோம். சொன்ன குளத்தைக் காட்டத் தனிக் காசு, சொன்ன கடலுக்குப் போகவே இல்லை. காசு போனதை விட, பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தை நினைத்தால்தான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

ஒழுங்கு செய்த ஆளின் பெயரைப் போடவில்லை. நாங்கள் போய் வந்த பிறகு அதே போஸ்டர் படம் வேறு பெயரில் வந்துவிட்டது, அதனால் பெயரை விட அவர்கள் வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் பிரயோசனம்.

முதலில் நேரம். அதிகாலை 4 மணிக்கு என்று சொன்ன வேன் ஆறரைக்கு வந்தது. 14 சீட் வேன். எல்லயில் நிறுத்தி இன்னும் இரண்டு குடும்பங்களை ஏற்றி 19 பேராக்கினார்கள், பெரியம்மா அக்காவின் சின்ன மகனை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இந்த நேரக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். மலையடிவாரத்து வெல்லவாயவிலிருந்து புத்தள, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக, அறுகம்பேக்குப் பக்கத்து ஊரான பொத்துவிலுக்கு மட்டுமே நூறு கிலோமீற்றருக்கு மேல். மலையிலிருந்து இறங்கி, தியலுமவில் ஏறிக் குளித்து, பிறகு அவ்வளவு தூரம் ஓடி, அன்றிரவே திரும்பி மலை ஏற வேண்டும். நாலு மணிக்குப் புறப்பட்டாலே இழுபறிதான். வேன் ஆறரைக்கு வந்தபோதே அறுகம்பே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும், எங்களிடம்தான் சொல்லவில்லை.

தியலும 220 மீற்றர், பம்பரகந்தைக்கு அடுத்து இலங்கையிலேயே உயரமான நீர்வீழ்ச்சி. போஸ்டரில் இருந்த ட்ரோன் படம் அதன் உச்சியில் எடுத்தது. ஆறு பாறையில் படிப்படியாக இறங்கி, குளம் குளமாகத் தேங்கி, கடைசிக் குளத்தைத் தாண்டியதும் நேரே கீழே விழுகிறது. பூணாகலை வீதியால் போனால் அந்த இடத்துக்கு மேலிருந்து நடந்து வரலாம், அப்படித்தான் கூட்டிப்போவோம் என்று குரல் பதிவில் சொல்லியிருந்தார்கள். வேன் போய் நின்றதோ கீழே, கொஸ்லாந்தை வெல்லவாய வீதியில், அடிவாரத்துக் கடைகளுக்கு முன்னால். "இதுதான் தியலும, இறங்கிக் குளிங்க" என்றார் டிரைவர். படத்தைக் காட்டிக் கேட்டதும், மேலே ஏறுவதென்றால் கைடுக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபா தர வேண்டுமாம். அது எங்கும் எழுதப்படவில்லை.

பிள்ளைகள் அழுததால் கொடுத்தோம். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, அவர் கடையிலேயே இருந்துவிட்டார். மற்றவர்கள் மானாப்புல்லுக்குள் செங்குத்தான பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறினோம், கைடு என்று வந்தது பதினேழு வயது மதிக்கத்தக்க ஒரு பையன். உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் உண்டு என்றார்களே, 19 பேருக்கு இருந்தவை இரண்டு, அதில் ஒன்றுக்குக் கொக்கி இல்லை. மேலே போனதும் ஒரு குளத்தைக் காட்டி, "ஆழமில்ல அக்கா, இறங்குங்க" என்றுவிட்டு அடுத்த கூட்டத்தைக் கூட்டிவரக் கீழே இறங்கிவிட்டான். எந்தக் குளம் ஆழம், எந்தப் பாறை வழுக்கும், எதுவரை போகலாம், எதையும் சொல்லவில்லை. அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை, அவனுக்கு அந்த ஆயிரத்தில் எவ்வளவு போயிருக்கும் என்பதே சந்தேகம்.

இடம் அவ்வளவு அழகு, அதில் பொய் இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி, அடியில் கிடக்கிற கல் தெரிந்தது. ஆனால் பாறையின் ஈரமான பக்கம் முழுக்கப் பச்சைப் பாசி, காலை வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகிறது. அக்காவின் மூத்தவன் அப்படிச் சறுக்கி ஒரு கல்லைப் பிடித்துத்தான் நின்றான். அந்தக் கல்லுக்கு அங்கால் இன்னொரு குளம், அதற்கும் அங்கால் வெறும் ஆகாயம்.

கொஞ்ச நேரத்தில் மாட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டு போன ஒரு வயதானவர் எங்களைப் பார்த்து நின்றார். தலைச்சுமையை இறக்கவே இல்லை. "தண்ணி நெறம் மாறுது பாருங்க தாயி. மேல மழை புடிச்சிருச்சு, புள்ளைங்கள வெளிய ஏத்துங்க" என்றார். எங்களுக்கு மேலே நல்ல வெயில். பார்த்தால் குளத்துக்குள் விழுகிற தண்ணீர் லேசாகத் தேயிலைச் சாயம் போல மங்கியிருந்தது, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. பிள்ளைகளை இழுத்து ஏற்றிக் கரைக்கு வந்து துணியை மாற்றி முடிப்பதற்குள், நாங்கள் மிதித்துக் கடந்து வந்த கல் தண்ணீருக்குள் போய்விட்டது. சித்திரையில் ஊவாப் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும், இதைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மலையில் பெய்கிற மழை நம் தலையில் விழாமலே ஆற்றில் வந்துவிடும். அந்தத் தாத்தா வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பகல் சாப்பாடு காலையிலேயே வாங்கிக் கட்டி வைத்த சோற்றுப் பார்சல், பருப்பு புளித்திருந்தது. பாணும் வாழைப்பழமும் கடையில் வாங்கிச் சாப்பிட்டோம். அதை விடுங்கள்.

வெல்லவாயச் சந்திக்கு வந்தோம். அங்கிருந்து பொத்துவிலுக்குக் கிழக்கே மொனராகலைப் பாதை. வேன் தெற்கே தணமல்வில பக்கம் திரும்பியது. போன் எடுத்துக் கேட்டால் ஒழுங்கு செய்தவர் சொன்ன பதில்: "அக்கா, கடல் எல்லாம் ஒரே கடல்தானே." இறக்கியது கிரிந்தவில், அப்போது ஐந்து மணியாகப் போகிறது. கிரிந்த நல்ல இடம், கடலோரப் பாறைமேல் விகாரை, துட்டகைமுனு மன்னனின் தாய் விகாரமகாதேவி கரைசேர்ந்த இடம் என்று கதை சொல்வார்கள், பார்க்க வேண்டிய ஊர்தான். ஆனால் அது பிள்ளைகள் குளிக்கிற கடல் இல்லை. அலை பாறையில் வந்து அறைகிறது, இழுவை அதிகம், அங்கிருந்த மீனவர்களே இறங்க வேண்டாம் என்று கை காட்டினார்கள். அறுகம்பேயில் படகுகள் நிற்கிற தெற்கு மூலையில் தண்ணீர் அமைதியாக இருக்கும், சின்னப் பிள்ளைகள் காலை நனைக்கலாம், அதை நம்பித்தான் பணமே கட்டினோம். கடலே பார்த்திராத பெரியம்மா மணலில் நின்று தூரத்தில் பார்த்துவிட்டு வேனில் ஏறினார்.

திரும்பும்போது இரவு, வெல்லவாயவில் வேனை ஓரங்கட்டி, டீசல் கூடிவிட்டது, ஆளுக்கு இன்னும் 1,500 தந்தால்தான் மேலே ஏறுவேன் என்றார் டிரைவர். பிள்ளைகள் தூக்கத்தில், அந்த நேரத்தில் பஸ்ஸும் இல்லை. கொடுத்தோம். விடியலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்த அந்த மனிதருக்குக் கண் சொருகியது. 2025 செப்டெம்பரில் தங்காலையிலிருந்து சுற்றுலா வந்த பஸ் இரவில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தது இதே எல்ல வெல்லவாய வீதியில்தான். மச்சான் முன்சீட்டில் உட்கார்ந்து, எல்ல வந்து சேரும் வரை டிரைவரோடு எதையாவது பேசிக்கொண்டே வந்தார்.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள், நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள். பணம் போனது ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு. வங்கிச் சீட்டு, போஸ்டர், குரல் பதிவு மூன்றையும் சேர்த்து முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977, சுற்றுலாச் சபைக்கு 1912, இரண்டும் யாரும் எடுத்துப் பேசக்கூடிய இலக்கங்கள். எவரிடமும் பணம் கட்டுவதற்கு முன் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள், பதிவு இலக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். தியலும மட்டும் போவதென்றால் இவர்கள் தேவையே இல்லை. பூணாகலைப் பக்கம் ஊர் ஆட்களில் ஆற்றை அறிந்த பெரியவர் ஒருவரைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய், மத்தியானத்துக்குள் இறங்கிவிடலாம்.

அன்று எல்லயில் ஏறிய இரண்டு குடும்பங்களும் இதைப் பார்த்தால் உங்கள் வங்கிச் சீட்டின் படத்தை எனக்கு அனுப்புங்கள், எங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன். வெசாக் விடுமுறைக்கு அடுத்த ட்ரிப் என்று அதே படத்தோடு போட்டிருக்கிறார்கள். அதற்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், எந்தப் பாதையால் மேலே ஏற்றுவார்கள், எத்தனை அங்கி இருக்கிறது, எந்தக் கடற்கரை என்பதை இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் போகும் நாள் வரை காத்திருக்காமல் இப்போதே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.