கைத்தொலைபேசி வாங்குமுன் 1909

கிளிநொச்சியில் மகளுக்குக் கைத்தொலைபேசி வாங்கச் சென்ற கடையில், *#06# என்று அழுத்தியபோது திரையில் தோன்றிய 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணின் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்) கடைசி நான்கு இலக்கங்கள் பெட்டியில் ஒட்டியிருந்த தாளுடன் பொருந்தவில்லை. "அது ஒண்டும் பிரச்சினையில்லை, அண்ணை" என்றார் கடைக்காரர்; விலையில் இரண்டாயிரம் ரூபாய் குறைக்கவும் முன்வந்தார். நான் வாங்கவில்லை.

அடுத்த கடையில், பணத்தை எடுக்குமுன்னரே, IMEI என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைத் தட்டெழுதி 1909 இற்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். கருவி பதிவுபெற்றதே என்று பதில் வந்தது. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் சேவை இது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு 1996இல் செய்யப்பட்ட திருத்தத்தால் உருவானது அந்த ஆணைக்குழு. ஆயினும் இச்சேவை பதிவை மட்டுமே உறுதிசெய்யும். மின்கலத்தின் தரத்தையோ கடையின் உத்தரவாதத்தையோ அன்று. பற்றுச்சீட்டில் அந்த 15 இலக்கங்களையும் எழுதுவித்தே புறப்பட்டேன்.