வஞ்சப்புகழ்ச்சியின் தொலைக்காட்சி வடிவம்: ‘த கோல்பேர் ரிப்போர்’

அமெரிக்காவின் காமெடி சென்ட்ரல் அலைவரிசையில் 2005 அக்டோபர் 17 முதல் 2014 டிசம்பர் 18 வரை, வாரத்தில் 4 நாள், இரவு 11.30 மணிக்கு ஒளிபரப்பான ‘த கோல்பேர் ரிப்போர்’ என்னும் அரசியல் அங்கத நிகழ்ச்சியை அண்மையில் மீண்டும் பார்த்தேன். அதில் பேசப்பட்ட செய்திகள் பழையனவாகிவிட்டாலும், அங்கதம் சற்றும் மழுங்கவில்லை.

ஜான் ஸ்டூவர்ட் நடத்திய ‘த டெய்லி ஷோ’ என்னும் செய்தி அங்கத நிகழ்ச்சியிலிருந்து கிளைத்ததுதான் இது என்றாலும் இதன் வழி வேறு. செய்தியில் உள்ள முரணைச் சுட்டிக்காட்டி ஸ்டூவர்ட் தம் சொந்தக் குரலிலேயே கேள்வி கேட்பார். இதை நடத்திய ஸ்டீவன் கோல்பேரோ, ஃபாக்ஸ் நியூஸ் என்னும் வலதுசாரிச் செய்தி அலைவரிசையின் விமர்சகர் பில் ஓ'ரைலியை முதன்மை மாதிரியாகக் கொண்டு, தம்மைத் தவிர வேறெவரையும் நம்பாத ஒரு வலதுசாரி விமர்சகராக வேடமிட்டு, அந்தப் பாத்திரத்துக்குத் தம் பெயரையே சூட்டி, எந்த அபத்தத்தைத் தாக்க வேண்டுமோ அதற்காகவே முழுமூச்சுடன் வாதாடுவார். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசிப் பளபளப்பதைப் புகழ்வதுபோல, அவை போர்க்களமே காணாதவை என்பதை ஔவையார் உணர்த்தினார் அல்லவா? அதே உத்தியை ஒருவர் 1,400க்கும் மேற்பட்ட இரவுகளில் கைவிடாமல் காத்தது எனக்குப் பெருவியப்பாக இருக்கிறது.

இந்த உத்தியின் அழகை ‘த வேர்ட்’ என்னும் பகுதியில் காணலாம். கோல்பேர் உணர்ச்சி பொங்கப் பேசிக்கொண்டிருக்க, திரையின் ஒரு பக்கத்தில் தோன்றும் சிறு வாசகங்கள் அவர் பேச்சின் உள்ளீடின்மையை வரிக்கு வரி காட்டிக்கொடுக்கும். செவிக்கு ஒன்றும் கண்ணுக்கு வேறொன்றுமாக வருவதால், இதைக் கவனம் சிதறாமல் பார்க்க வேண்டும். சான்றுகள் எப்படியிருந்தாலும் உள்ளத்துக்கு உண்மையெனப் படுவதே உண்மை என்னும் மனப்போக்குக்கு, முதல் இரவிலேயே அவர் ‘ட்ரூத்தினெஸ்’ என்று பெயர் வைத்தார். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதை 2006ஆம் ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

நிகழ்ச்சியின் உச்சம் என நான் கருதுவது 2011இல் தொடங்கிய ‘சூப்பர் பேக்’ தொடரைத்தான். தேர்தல் பிரசாரத்துக்காக வரம்பின்றி நன்கொடை திரட்டிச் செலவிடும் அமைப்பே ‘சூப்பர் பேக்’. தேர்தல் பிரசாரத்தில் நிறுவனங்கள் வரம்பின்றிச் செலவிடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்திருந்தது. அதன் விளைவைப் பற்றி நாளிதழ்கள் எவ்வளவோ எழுதியும் பொதுமக்களுக்கு விளங்காமலிருந்த நிலையில், கோல்பேர் அப்படியோர் அமைப்பைத் தொடங்கத் தேர்தல் ஆணையத்தின் முன் உண்மையாகவே விண்ணப்பித்து, அனுமதி பெற்று, 10 லட்சம் டாலருக்கும் மேல் நன்கொடை திரட்டினார். அந்த ஆணையத்தின் முன்னாள் தலைவரான வழக்கறிஞர் ட்ரெவர் பாட்டர் அரங்குக்கே வந்து, எந்தத் தாளில் கையெழுத்திட்டால் நன்கொடையாளரின் பெயர் மறையும் என்று நிதானமாக விளக்கினார். 2012 ஜனவரியில், தாம் வேட்பாளராகப் போவதாகச் சொல்லி, அமைப்பைத் தம் நண்பர் ஸ்டூவர்ட்டிடம் கோல்பேர் மேடையிலேயே ஒப்படைத்தார். வேட்பாளரும் அமைப்பும் கலந்து செயல்படக் கூடாது என்ற விதி எவ்வளவு மெலிந்தது என்பது சில நிமிடங்களில் அம்பலமானது. சட்டத்தை மீறாமலேயே அதன் ஓட்டைகளுக்குள் நடந்து காட்டிய இந்தப் பணிக்கு, சிறந்த ஒலி, ஒளிபரப்புகளுக்கு வழங்கப்படும் பீபடி விருது கிடைத்தது முற்றிலும் தகும்.

குறைகளும் உண்டு. நேர்காணல்கள் ஒரே தரத்தில் இல்லை. தம் பாத்திரம் ஒரு மூடன் என்றும், அவனுடைய அறியாமையை மறுத்துப் பேசுமாறும் கோல்பேர் விருந்தினர்களிடம் முன்பே கேட்டுக்கொள்வார். ஆயினும் பலர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுவதால், சொல்ல வந்த செய்தி பாதியிலேயே நின்றுவிடுகிறது. இதைவிடப் பெரிய சிக்கலை 2009இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பழைமைவாதப் பார்வையாளர்களும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால், கோல்பேர் தாம் சொல்வதை உண்மையாகவே நம்பிச் சொல்கிறார் என்று எண்ணும் போக்கு அவர்களிடம் மிகுந்திருந்தது. வேடம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதன் விலை இது. அந்த விலையைக் கொடுத்திருக்கலாமா என்ற கேள்விக்கு என்னால் இன்னும் தெளிவாக விடை சொல்ல முடியவில்லை.

அமெரிக்க அரசியலில் பழக்கமில்லாதவர்கள் முதல் பகுதியிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை. 2006 ஏப்ரல் 29 அன்று, வெள்ளை மாளிகைச் செய்தியாளர்களின் விருந்தில், அதிபர் ஜார்ஜ் புஷ் சில அடி தொலைவில் அமர்ந்திருக்க, அதே வேடத்தில் அவரைப் புகழ்ந்து கோல்பேர் ஆற்றிய உரையை முதலில் பாருங்கள். திங்களன்று நம்பியதையே, செவ்வாயன்று என்ன நடந்திருந்தாலும், புதனன்றும் நம்புகிறவர் இவர் என்று அவர் பாராட்டும்போது அவையோரின் முகங்களைக் கவனியுங்கள். பிறகு ‘சூப்பர் பேக்’ பகுதிகளுக்குச் செல்லலாம்.